தோற்கக்கூடிய தேர்தலை ஒருவர் ஏன் வைக்கிறார்?

மார்ச் 4 – வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கே படித்தாலும் ஒரே கதைதான். மக்கள் தெருவுக்கு வந்தார்கள், சர்வாதிகாரி பயந்தார், தேர்தல் வந்தது. எனக்கு இது ஒட்டவே இல்லை. படை, வானொலி, கஜானா மூன்றும் கையில் இருக்கிற ஆள், தான் தோற்கக்கூடிய ஒரு தேர்தலை ஏன் வைக்கிறார்? வைத்துத் தொலைத்த பிறகு எண்ணிக்கையை மாற்றிவிட வேண்டியதுதானே? அப்படியானால் போட்டித் தேர்தல் என்பதே ஆள்பவர் மனமிரங்கிப் போடுகிற பிச்சைதானா?

மார்ச் 4, இரவு 9.40

பிச்சையாவது ஒன்றாவது! தப்புக்கணக்கு.

தோற்போம் என்று தெரிந்து யாரும் வைப்பதில்லை. ஜெயிப்போம் என்றுதான் வைக்கிறார்கள். சிலேயில் ராணுவ ஆட்சியாளர் பினோசே 1980 அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துக்கொண்டார்: எட்டு ஆண்டு கழித்து மக்கள் முன்னால் ஒரே ஒரு பெயர் வைக்கப்படும், ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். 1988 அக்டோபர் 5 அன்று கிட்டத்தட்ட 56 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். பிலிப்பைன்ஸில் மார்கோஸ் இன்னும் ஒரு படி மேலே. 1985 நவம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் உட்கார்ந்துகொண்டு, முன்கூட்டியே தேர்தல் நடத்துகிறேன் என்று அவராகவே அறிவித்தார். பிப்ரவரி 7 வாக்குப்பதிவு. பிப்ரவரி 25 அன்று நாட்டை விட்டே போனார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

இத்தனை உளவுத்துறை வைத்திருப்பவருக்கு இது கூடவா தெரியாது என்று கேட்பீர்கள். உளவுத்துறை வைத்திருப்பதால்தான் தெரியாது. அப்படிப்பட்டவரிடம் யார் போய் உண்மையைச் சொல்வது? கருத்துக்கணிப்பு எடுக்க வருபவனிடமும் ஜனங்கள் சிரித்துக்கொண்டே 'ஐயாவுக்குத்தான்' என்பார்கள்.

மார்ச் 5, காலை 7.15

ராத்திரி எழுதியதைப் படித்தால் எனக்கே கொஞ்சம் சுலபமாகத் தெரிகிறது. எல்லாரையும் ஏமாளி ஆக்கிவிட்டேன்.

போலந்தை எடுங்கள். அங்கே ஏமாளித்தனம் இல்லை, ஒப்பந்தம். 1989 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வட்டமேசையில் உட்கார்ந்து பேசி, கீழவையின் 460 இடங்களில் 299 ஆளும் கம்யூனிஸ்டுக் கட்சிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும், 161 மட்டும் உண்மையான போட்டிக்கு என்று கையெழுத்துப் போட்டார்கள். மேலவை 100 இடமும் திறந்த போட்டி. கணக்குப் பார்த்தால் ஆளும் தரப்பு தோற்கவே முடியாது. 65 சதவீதம் சட்டைப் பையில்.

ஜூன் 4 அன்று முதல் சுற்று ஓட்டு. இரண்டாம் சுற்றும் முடிந்தபோது 161 இடங்களையும் எதிர்த்தரப்பான சாலிடாரிட்டி இயக்கம் எடுத்திருந்தது, மேலவையில் 99. இதுகூடப் பரவாயில்லை. ஆளும் தரப்பின் பெரிய தலைகள் 35 பேரை எதிர்ப்பே இல்லாத தேசியப் பட்டியல் என்று போட்டிருந்தார்கள். வாக்காளர்களில் பாதிப் பேர் அடிக்காமல் விட்டால் போதும், ஜெயித்தாயிற்று. அங்கே ஓட்டுப் போடும் முறையே வேண்டாத பெயரை அடிப்பதுதான். ஜனங்கள் பேனாவை எடுத்து வரிசையாக அடித்தார்கள். 35 பேரில் இரண்டு பேர்தான் தேறினார்கள். எதிரியே இல்லாமல் ஓடிய பந்தயத்தில் 33 பேர் தோற்றது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா, யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 5, காலை 7.50

விட்டுப்போனது. அந்த 33 இடமும் காலியாகிவிட்டால் ஒப்பந்தப்படியான 65 சதவீதம் குறையும். ஆகவே இரண்டாம் சுற்றுக்கு முன் விதியை மாற்றி அவற்றை ஆளும் தரப்புக்கே திருப்பிக் கொடுத்தார்கள். சாலிடாரிட்டியும் ஒத்துக்கொண்டது! ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவதற்கு ஜெயித்தவனே தலையாட்டியிருக்கிறான். அன்றைக்குப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மார்ச் 5, இரவு 10.05

"299 கையில் இருந்தும் ஆட்சி எப்படிப் போயிற்று" என்று கேட்டவருக்கு: அந்த 299-இல் கம்யூனிஸ்டுக் கட்சிக்குச் சொந்தமாக 173தான். மிச்சத்தில் 76 விவசாயிகள் கட்சி, 27 ஜனநாயகக் கட்சி. நாற்பது வருடமாகத் தலையாட்டி பொம்மைகள். ஆகஸ்டில் இந்த இரண்டு பொம்மைகளும் தலையை வேறு பக்கம் ஆட்டின. 161, 76, 27 – கூட்டிப் பாருங்கள், 264. பெரும்பான்மைக்கு வேண்டியது 231. சாலிடாரிட்டியின் மசோவியெட்ஸ்கி பிரதமரானார். அதற்கு முந்தைய மாதம் கம்யூனிஸ்டுத் தலைவர் யாருசெல்ஸ்கி ஜனாதிபதியானது ஒரே ஒரு ஓட்டில்.

பொம்மைக் கட்சி வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனித்து வைக்க வேண்டும். யாருக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன், ஹிஹி.

மார்ச் 7, மதியம் 1.30

ஆள்பவர் சரியாகக் கணக்குப் போட்ட கதையும் உண்டு. தென்கொரியா, 1987. ஜூன் மாதம் முழுக்கத் தெருவில் கூட்டம். ஜூன் 29 அன்று ஆளும் கட்சியின் வேட்பாளர் ரோ டே வூ வந்து, நேரடி ஜனாதிபதித் தேர்தல் வைக்கிறோம் என்கிறார். கூடவே ஒன்று: எதிர்த்தரப்புத் தலைவர் கிம் டே ஜுங்குக்கு அரசியல் உரிமைகளைத் திருப்பித் தருகிறோம். எவ்வளவு பெரிய மனசு! எதிர்த்தரப்பில் ஏற்கெனவே கிம் யங் சாம் இருக்கிறார். இரண்டு கிம்களும் நீயா நானா என்று தனித்தனியே நின்றார்கள். 28 சதவீதம் ஒருவர், 27 இன்னொருவர். ரோவுக்கு 36.6. ஜெயித்தது சர்வாதிகாரத்தின் வாரிசு, அதுவும் நேர்மையான ஓட்டில்.

கென்யாவில் 1992, 1997 இரண்டு தடவையும் ஜனாதிபதி மோய் இதே வழியில் தப்பினார். 1992-இல் அவருக்கு விழுந்தது 36 சதவீதத்தைச் சுற்றி. எதிர்க்கட்சிகள் 2002-இல் ஒன்று சேர்ந்தபோது அவர்களின் வேட்பாளர் கிபாகி 60 சதவீதத்தைத் தாண்டினார்.

தேர்தல் வந்துவிட்டது, சரி. போட்டி வந்ததா? அது எதிர்த்தரப்பின் வேலையும்தான். இதை முதல் குறிப்பில் நான் மறந்தே போனேன்.

மார்ச் 7, மாலை 6.20

சும்மா ஒப்புக்கு வைத்த தேர்தலே கடைசியில் கழுத்தைப் பிடிப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பிரேசில் ராணுவம் 1965-இல் எல்லாக் கட்சிகளையும் கலைத்துவிட்டு, நாட்டுக்கு இரண்டே கட்சி போதும் என்று வைத்தது. ஒன்று ஆமாம் போடும் கட்சி (அரேனா). மற்றது மரியாதையாக எதிர்க்கும் கட்சி (எம்டிபி). இரண்டும் ஒன்றே என்று ஜனங்கள் கிண்டல் செய்தார்கள், செல்லாத ஓட்டாகப் போட்டுத் தள்ளினார்கள். ராணுவத்துக்கு நிம்மதி. 1974-இல் செனட்டுக்கு 22 இடம் காலி. தொலைக்காட்சியில் பேசவும் விட்டார்கள், என்ன ஆகிவிடப்போகிறது என்று. மரியாதையாக எதிர்க்கும் கட்சி 16 இடம் ஜெயித்தது.

உடனே ஆரம்பித்தது ஒட்டுப் போடும் வேலை. 1976-இல் புதுச் சட்டம்: தொலைக்காட்சியில் வேட்பாளர் பேசக்கூடாது, அவர் படத்தைக் காட்டி வாழ்க்கைக் குறிப்பை வாசித்தால் போதும். அடுத்த வருடம் செனட்டில் மூன்றில் ஒரு பங்கை மறைமுகத் தேர்வு ஆக்கினார்கள். ஜனங்கள் அவர்களுக்கு 'பயோனிக் செனட்டர்' என்று பேர் வைத்தார்கள், அதாவது பிறக்காமல் தொழிற்கூடத்தில் செய்யப்பட்டவர்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று. 1985-இல் ராணுவமே செய்துவைத்த மறைமுகத் தேர்வு மன்றத்தில், எதிர்க்கட்சியின் டான்க்ரெடோ நெவெஸ் ஜெயித்தார். மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க 1989 ஆயிற்று.

மெக்சிகோ இதன் அண்ணன். 1976-இல் ஜனாதிபதி தேர்தலில் வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே பெயர். ஜெயிப்பதில் அவர்களுக்கே வெட்கம் வந்திருக்க வேண்டும். எதிரி வேண்டும், ஆனால் சின்ன எதிரி. மறு வருடமே சட்டம் திருத்தி, கீழவையில் 100 இடங்களை விகிதாசாரத்தில் ஒதுக்கி, சின்னக் கட்சிகளை உள்ளே இழுத்தார்கள். அந்த 100 இடத்தில் உட்கார்ந்தவர்கள்தான் சட்டம் பேசக் கற்றார்கள், சாவடிக்கு முகவர் அனுப்பக் கற்றார்கள்.

மார்ச் 8, காலை 6.45

இதை எழுதும்போது ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்து தூக்கம் போய்விட்டது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஊழியர் சங்கம் ஒன்று. 140 பேர் சொச்சம். செயலாளர் பதினோரு வருடமாக ஏகமனதாகத் தேர்வு. ஒரு வருடம் புதுப் பையன் ஒருவன் வேட்புமனு போட்டுவிட்டான். தள்ளுபடி செய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். செயலாளர் சிரித்தார். "நிக்கட்டும்யா, பத்து ஓட்டு வாங்குவான், நமக்கும் ஒரு மரியாதை." அச்சு அசலாக மெக்சிகோ. பையன் 38 வாங்கினான். செயலாளர் ஜெயித்தார்தான், ஆனால் மறுநாள் யாரோடும் பேசவில்லை. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம்: வேட்புமனுவுக்கு இனி 20 பேர் முன்மொழிய வேண்டும்.

பையனிடம் இப்போது 38 பேர் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தீர்மானம் எழுதியவர் யோசிக்கவில்லை.

மார்ச் 8, இரவு 11

கேள்வியின் இரண்டாம் பாதி: எண்ணிக்கையை ஏன் மாற்றவில்லை? மாற்றினார்கள், மாற்றப் பார்த்தார்கள். முடிந்த இடத்தையும் முடியாத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மெக்சிகோ, 1988 ஜூலை 6. எதிர்த்தரப்பின் குவாதெமோக் கார்டெனாஸ் முந்துகிற மாதிரி முதல் தகவல்கள் வரும்போது கணினி அமைப்பு நின்றுபோயிற்று. "சிஸ்டம் விழுந்துவிட்டது" என்பது அங்கே பழமொழியே ஆகிவிட்டது. அது எழுந்தபோது ஆளும் கட்சியின் சலினாஸ் 50 சதவீதத்தைத் தாண்டி நின்றார். வாக்குச்சீட்டுகளைப் பின்னால் எரித்தார்கள். எதிர்த்தரப்பின் கையில் எல்லாச் சாவடிகளின் முடிவுத் தாள்களும் இல்லை, ஆகவே இன்றைக்கு வரைக்கும் வாக்குவாதம்தான்.

பிலிப்பைன்ஸ், 1986. நாம்ஃப்ரெல் என்கிற தன்னார்வ அமைப்பு சாவடி சாவடியாகத் தனியே கூட்டிக்கொண்டிருந்தது. அரசு ஆணையத்தின் பலகையில் வேறு எண்கள். பிப்ரவரி 9 இரவு, ஆணையத்தின் கணினியில் உட்கார்ந்திருந்தவர்களே முப்பதுக்கும் மேற்பட்டோர் எழுந்து வெளியே நடந்தார்கள், நாங்கள் ஏற்றுகிற எண் பலகையில் வரவில்லை என்று. பெரும்பாலும் பெண்கள். இந்த ஒரு காட்சிக்காகவே அந்தத் தேர்தலைப் பற்றி எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பேன்.

சிலேயில் 1988 அக்டோபர் 5 இரவு அரசு சொட்டுச் சொட்டாக முடிவு வெளியிட்டது, 'ஆம்' முன்னிலை என்று. எதிர்த்தரப்பு தன் சொந்தக் கணக்கை வைத்திருந்தது. நடு இரவு தாண்டி அரண்மனைக்குள் நுழையும்போது விமானப்படைத் தளபதி மத்தேய், நிருபர்களிடம் 'இல்லை' ஜெயித்தது மாதிரிதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பினோசேயைப் பார்ப்பதற்கு முன்பே. அதன் பிறகு உள்ளே என்ன செய்ய முடியும்?

மார்ச் 9, காலை 8.10

'அப்படியென்றால் செல்போன் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது' என்று ஒருவர். பாதி சரி. செனெகல் 2000-இல் வானொலி நிருபர்கள் சாவடி வாசலிலிருந்தே செல்போனில் முடிவுகளைச் சொன்னார்கள், நாடே வீட்டில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டது. ஜனாதிபதி தியூஃப் தோல்வியை ஒத்துக்கொண்டு, எதிர்க்கட்சியின் அப்துலாயே வாதுக்கு வாழ்த்துச் சொன்னார். ஆனால் செல்போனுக்குச் சொல்ல ஓர் எண் வேண்டுமே. சாவடியிலேயே எண்ணி, சுவரில் ஒட்டி, முகவருக்கு நகல் கொடுத்தால்தான் எண். பெட்டியை மூடி முத்திரை வைத்து நூறு மைல் தள்ளிப் போய் எண்ணினால், வழியில் இருக்கிற இருட்டுக்கு யார் பொறுப்பு?

கானாவில் இந்தச் சாவடி முடிவுத் தாளுக்கு 'பிங்க் ஷீட்' என்று பேர். 2012 தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் அந்த ரோஸ் தாளைப் பற்றியே வாதம், தொலைக்காட்சியில் நேரலை. 1992-இல் ஜனாதிபதி தேர்தலில் ஏமாற்றிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்த நாடு அது. ஆளும் தரப்பு 200-இல் 189. பிறகு கட்சிகளையும் ஆணையத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள், 1996-க்குள் பெட்டி கண்ணாடி மாதிரி ஆயிற்று, 2000-இல் ஆட்சி மாறியது. எட்டு வருடம்.

மார்ச் 9, காலை 8.25

காம்பியாவைச் சொல்லாமல் போனால் பாவம். அங்கே வாக்குச்சீட்டே கிடையாது. கோலிக்குண்டு. வேட்பாளருக்கு ஒரு நிறத்தில் பீப்பாய், குழாய் வழியே கோலியைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். இரண்டு தடவை அடித்தால் கள்ள ஓட்டு! தேர்தல் நாளில் சாவடிப் பக்கம் சைக்கிள் வரக்கூடாது, மணிச் சத்தம் குழப்பிவிடும் என்று. 2016-இல் சாவடியிலேயே எண்ணும் முறை வந்தது. இருபத்திரண்டு வருடம் ஆண்ட ஜாமே டிசம்பர் 1 அன்று தோற்றார், ஒத்துக்கொண்டார், ஒரு வாரம் கழித்து ஒத்துக்கொண்டதை வாபஸ் வாங்கினார். அண்டை நாடுகள் படையோடு எல்லைக்கு வந்த பிறகு ஜனவரியில் விமானம் ஏறினார்.

மார்ச் 11, இரவு 9

போலந்தில் விதியை மாற்றியதற்குக் கோபம் வரவில்லை என்றேனே, அதற்கு வருகிறேன்.

அல்ஜீரியா. 1991 டிசம்பர் 26, முதல் சுற்று. இஸ்லாமிய மீட்பு முன்னணி 188 இடம். இரண்டாம் சுற்றில் மொத்தமும் போய்விடும் என்று தெரிந்ததும் ஜனவரியில் ராணுவம் தேர்தலையே ரத்து செய்தது. பத்து வருடம் ரத்தம். பர்மாவில் 1990-இல் ஆங் சான் சூ கீ கட்சி ஐந்தில் நான்கு பங்கு இடங்களை ஜெயித்தது, ராணுவம் அரசை ஒப்படைக்கவே இல்லை. இரண்டு இடத்திலும் எண்ணிக்கை சரிதான். தோற்றவனுக்கு ஒதுங்க இடமில்லை, அவ்வளவுதான்.

சிலேயில் பினோசே தோற்றும் 1998 வரை ராணுவத் தளபதி. செனட்டில் ஒன்பது நியமன இடம். அவருடைய ஆதரவு அணி மூன்றில் ஒரு பங்கு ஓட்டோடு பாதி இடம் பிடிக்க வசதியாக, தொகுதிக்கு இரண்டு இடம் என்கிற இரட்டை உறுப்பினர் முறை. போலந்தில் அந்த 33 இடம். எல்லாம் தோற்றவனுக்கு விரித்த பாய்.

ஆனால் பாயை விரித்தால் படுத்தே கிடப்பான் என்பதும் உண்மை. சிலே அந்த இரட்டை உறுப்பினர் முறையை விட இருபத்தைந்து வருடம் ஆயிற்று. சித்திரவதைக்கு ஆளானவர்களிடம் போய் இது நியாயமான விலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த இடத்தில் நான் இன்னும் இரண்டு மனசாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 12, மாலை 5.30

எதிர்ப்பக்கத்துத் தவறும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜாம்பியாவில் 27 வருடம் ஆண்ட கவுண்டா 1991-இல் தோற்று, கௌரவமாக இறங்கிப் போனார். ஜெயித்த சிலுபா 1996-இல் என்ன செய்தார்? பெற்றோர் இருவரும் இந்த மண்ணில் பிறந்தவர்களாக இருந்தால்தான் ஜனாதிபதி தேர்தலில் நிற்கலாம் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார். கவுண்டாவின் பெற்றோர் மலாவியிலிருந்து வந்தவர்கள். முதல் தேர்தலில் ஆட்சி மாறியதும் கைதட்டிவிட்டு எழுந்துபோகிறவர்கள் இந்த இரண்டாம் காட்சியைப் பார்ப்பதில்லை.

மார்ச் 12, மாலை 5.45

ரகசிய வாக்கைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு. நியாயம். கென்யாவில் 1988-இல் வேட்பாளர் படத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணினார்கள். நீள வரிசை தோற்று, குட்டை வரிசை ஜெயித்த இடங்களும் உண்டு. பிரிட்டனிலேயே 1872 வரை வாக்காளர் எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டார், வீட்டுச் சொந்தக்காரர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. அதில் போட்டி எங்கே இருந்து வரும்?

மார்ச் 14, இரவு 12.20

மெக்சிகோவை முடிக்காமல் விட்டேன். 1988 அவமானத்துக்குப் பிறகு 1990-இல் தனித் தேர்தல் அமைப்பு. 1996-இல் அதிலிருந்து அரசு வெளியேறியது. சாவடியில் உட்காருபவர்களைக் குலுக்கல் முறையில் சாதாரண வாக்காளர்களிலிருந்தே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிறார். 1997-இல் ஆளும் கட்சிக்குக் கீழவையில் 500-க்கு 239. 2000 ஜூலை 2 இரவு ஜனாதிபதி செடியோ தொலைக்காட்சியில் வந்து எதிர்க்கட்சி ஃபாக்ஸ் ஜெயித்ததாகச் சொன்னார். ஒரே கட்சி ஆண்ட 71 வருடம் அதோடு முடிந்தது. குண்டு வெடிக்கவில்லை, அரண்மனைக் கதவு உடையவில்லை. படம் எடுத்தால் ஓடாது.

மார்ச் 14, இரவு 12.50

ஊழியர் சங்கக் கதையில் ஒன்றை மறைத்துவிட்டேன். "ஓட்டை யார் எண்ணினார்கள்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நான்தான். அப்போது செயலாளர் பக்கம் இருந்தேன். எண்ணுகிற நேரத்தில் வெளியே சத்தமாக இருக்கிறது என்று சொல்லி பெட்டியை உள் அறைக்கு எடுத்துப் போனதும் நான்தான். உள்ளே என்னோடு ஒரே ஒருவர், அவரும் நம்ம ஆள். எதையும் மாற்றவில்லை. மாற்றத் தேவையே இல்லை, செயலாளருக்கு 97. சீட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டினேன், பிறகு அது எங்கே போயிற்றோ.

அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எங்கேயாவது பார்த்தால் இன்னும் கேட்பான், "அண்ணே, நிஜமா எனக்கு எத்தனை?" 38 என்பேன். சிரிப்பான்.